முப்பத்தொன்பது வளைவுகள்

“ஏழு” என்றான், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

பலகையைப் பார்த்தேன். 7/40. சரியாகத்தான் சொல்கிறான். ஆழியாறு சோதனைச்சாவடியில் வண்டியை எடுத்ததிலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக எண்ணிக்கொண்டு வருகிறான். வண்டி சாயும்போது அவனும் சாய்கிறான். நிமிர்ந்ததும் எண் வருகிறது. அவனுக்குப் பலகை தெரியாது. பலகை என்ன, எதிரே இறங்கி வருகிற பஸ்ஸே தெரியாது. இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது.

வண்டி அவனுடையது. 350 சிசி புல்லட். கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் இருக்கிற பழைய வகை. பார்வை போன பிறகும் விற்கவில்லை. விலைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டிகோவில் அதை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவது ஒரு வழக்கம். அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழு உதை ஒன்று. முள்ளைப் பாராமல் உதைத்தால் கிக்கர் எகிறிக் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிடும். அவன் இப்போது முள்ளைப் பார்ப்பதில்லை. கிக்கர் காலுக்கு அடியில் எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது என்பது அவனுக்குப் போதும். முதல் உதையில் எடுத்துவிடுகிறான். எனக்கு இன்னும் மூன்று உதை வேண்டியிருக்கிறது.

“எட்டு.”

நாங்கள் முதன்முதலாக இந்த வால்பாறை மலை ஏறியது 1997 ஆகஸ்ட் 15. சுதந்திரப் பொன்விழா. வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் கிடைத்தது. அவன் சிங்காநல்லூர் பக்கம் லேத் பட்டறையில் இருந்தான், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. எங்களோடு வந்த வாத்தியார் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எங்களை விட நாலு வயது மூத்தவர், அதனால் அவர் மட்டும் ‘ங்க’. அவரிடம் எஸ்டி பைக் இருந்தது. அவருடைய மச்சான் என் ஸ்ப்ளெண்டரில் பின்னால். நாலு பேர், மூன்று வண்டி. உக்கடத்தில் விடிகாலை ஐந்து மணிக்குக் கூடினோம்.

அன்றைய பொள்ளாச்சி சாலையை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது! இரண்டு பக்கமும் புளியமரம். மேலே கிளைகள் கோத்துக்கொண்டு, ஒரு குகைக்குள் ஓட்டுவது போல இருக்கும். கிணத்துக்கடவு தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வந்து வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். மரங்கள் அந்தக் காற்றை வாங்கி, சலித்து, ஈரமாக நமக்குக் கொடுக்கும். சாலையை அகலப்படுத்தியபோது அவற்றை வெட்டிவிட்டார்கள். இப்போது பொள்ளாச்சிக்குச் சீக்கிரம் போய்விடலாம். எனக்கு அந்த வேகத்தில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

மழை ஆழியாறிலேயே பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் மோதுகிற மாதம் அது. மேலே சின்னக்கல்லாறில் பெய்கிற மழைக்காக அதைத் தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்பார்கள். எங்களிடம் ரெயின்கோட் இல்லை. உரச்சாக்குக்குள் வரும் பிளாஸ்டிக் தாளைத் தோட்டத்து ஆட்கள் போல கொங்காடை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டோம்.

“ஒம்பது வந்துருச்சு. நிறுத்துடா.”

நிறுத்தினேன். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நிறுத்துவார்கள். லோம்ஸ் காட்சிமுனை. இந்தச் சாலையை வகுத்த வெள்ளைக்காரப் பொறியாளரின் பெயர் என்பார்கள். கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கிறது. அதற்கப்பால் ஆனைமலை, கோட்டூர்த் தென்னந்தோப்புகள் பச்சைக் கம்பளமாக விரிந்து, பொள்ளாச்சிச் சமவெளியில் கரைகின்றன. சாலையோரப் பாறையில் வரையாடுகள் நின்றன. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு, நம் மாநில விலங்கு, அது இங்கே சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில் நின்று அசைபோடுகிறது. பார்த்துவிட்டு நகர்வதுதான் அதற்கு நாம் செய்கிற மரியாதை. பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் போய், வேண்டாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

“எத்தனை?” என்றான்.

“மூணு. ஒரு குட்டி.”

“அன்னைக்கு ஒண்ணையும் காணோம், மழையில.” அவன் அணைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். கீழிருந்து காற்று ஏறியது. “தண்ணி நெறைய இருக்குதாட்டம். வாசம் வருது.”

அவனுக்கு வந்தது கண் நீர் அழுத்த நோய், குளுக்கோமா. வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேரே இருப்பது நன்றாகத் தெரியும், ஓரங்கள் மட்டும் உள்ளே ஒடுங்கிக்கொண்டே வரும். சந்திலிருந்து வண்டிகள் திடீர் திடீரென்று குதிக்கின்றன என்று திட்டிக்கொண்டிருந்தான். பட்டறைக் கேட்டில் கண்ணாடியை இடித்தான். ஊர்க்காரர்களின் ஓட்டுதலைத்தான் குறை சொன்னோம். பரிசோதித்தபோது நரம்பு பெரும்பகுதி போயிருந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. இதை வாசிக்கிறவர்களில் நாற்பது வயது தாண்டியவர்கள் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை கண் அழுத்தம் பாருங்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் நாற்பது வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பத்து. பதினொன்று. வண்டி இரண்டாவது கியரில் ஏறியது. மலையில் புல்லட்டின் சத்தம் வேறு. சமவெளியில் காற்றோடு போய்விடுவது இங்கே பாறையில் பட்டுத் திரும்பி வரும். ஒரு வளைவில் நம் வண்டியே எதிரே வருவது போல இருக்கும். அவன் அதை வைத்து, வலது பக்கம் பாறையா பள்ளமா என்று சொன்னான். சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

1997-இல் பதினைந்தாவது வளைவு வாக்கில் புல்லட்டை என்னிடம் கொடுத்தான், “ஓட்டிப் பாரு” என்று. எதிரே ஒரு லாரி. பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்று வலது காலால் கியரை மிதித்தேன். வண்டி ஒரு துள்ளல் துள்ளி நின்றது. லாரி ஒரு முழ இடைவெளியில் போனது. வாத்தியார் எஸ்டியை நிறுத்திவிட்டு வந்து என்னைத் திட்டவில்லை, ஒரு பாடம் நடத்தினார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனால் லாரிக்காரன் நிற்பான் என்று நம்பி ஓட்டக் கூடாது. பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும், ஹாரன் கேட்டதுமே ஓரம் கட்டிவிடு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி விட்டுவிடும். அவருக்கே ஒரு தொல்லை இருந்தது. எஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே வந்தால் பெட்ரோல் போகாது, அதோடு ஆயிலும் போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர் இறங்கும்போது நடுநடுவே கிளச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குவார். மலை முழுக்க அவர் வண்டி இருமிக்கொண்டே இறங்கியது. அந்த எஸ்டியை விற்றுவிட்டார். மச்சான் மஸ்கட்டில். இந்தமுறை நாங்கள் இரண்டு பேர்தான்.

அவன் இந்த மலைக்கு வர ஆசைப்பட்டதற்குக் காரணம் வண்டி அல்ல, அவனுடைய அம்மிச்சி. அம்மாவைப் பெற்றவள். திருநெல்வேலிப் பக்கத்தில் ஏதோ ஊர். கங்காணி வந்து, கூலி உண்டு, வீடு உண்டு, முன்பணம் உண்டு என்று சொல்லி ஊரோடு கிளப்பிக்கொண்டு வந்தபோது அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயது. ரயிலில் பொள்ளாச்சி வரை. அங்கிருந்து மலையடிவாரம். அடிவாரத்திலிருந்து நடை. தலையில் சட்டியும் பாயும், இடுப்பில் தம்பியும். தம்பி வருடம் திரும்புவதற்குள் மலேரியாவில் போய்விட்டான். முன்பணக் கடன் அடையாமல் யாரும் கீழே இறங்க முடியாது. அவள் இறங்கியது கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு. அப்போதும் நடந்துதான் இறங்கியிருக்கிறாள்.

அவள் சொன்னதையெல்லாம் கதை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்த மலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார், அதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கொண்டுவந்திருக்கிறார் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. நான் அதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவனுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பாதியில், “போதும்டா, அம்மிச்சி சொன்னதேதான்” என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டு மீதியையும் வாசிக்கச் சொன்னான். பிறகு 2013-இல் பாலா அந்த நாவலைத் தழுவி ‘பரதேசி’ எடுத்தார். அவன் தியேட்டருக்கு வரவில்லை.

கவர்க்கல் பக்கம் பனிமூட்டத்தில் கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. காட்டை அழித்துத் தேயிலை வைத்த முன்னோடி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டி சுமந்து ஏறிய ஒரு பெண்ணுக்கும் இந்தச் சாலையில் சிலை வைக்க வேண்டும். கவர்க்கல்லில் இல்லாவிட்டால் அடிவாரத்தில், முதல் வளைவுக்கு முன்னால்.

“இருபது.”

“இருபத்தொண்ணு.”

இடையில் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும். ஓரம் கட்டினேன். கடந்தபோது பிரேக் சூடு எங்கள் மேல் அடித்தது. “லைனிங் தேஞ்சுருச்சு அவனுக்கு” என்றான்.

வண்டியை எடுத்தேன். அடுத்த வளைவுக்குச் சாய்ந்தோம், நிமிர்ந்தோம். எண் வரவில்லை. பஸ் பேச்சில் மறந்துவிட்டான் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வளைவு தாண்டியதும், “இருபத்திரண்டு” என்றான். பலகையில் 23.

திருத்த வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஆறு வருடமாக இருட்டில் இருப்பவன் இவ்வளவு தூரம் தப்பாமல் வந்திருக்கிறான், ஒன்று விட்டால் என்ன. அதன் பிறகு பலகையும் அவனும் ஒன்று வித்தியாசத்திலேயே ஏறினார்கள். பலகை 26, அவன் 25. பலகை 30, அவன் 29.

அன்று மேலே ரொட்டிக்கடையில் டீ குடித்தது நினைவில் வந்தது. ஊரின் பெயரே ரொட்டிக்கடை. தோட்டத்துப் பெண்கள் சிலர் விடுமுறைச் சாமான் வாங்க வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் தாளுக்கடியில் எல்லோருக்கும் ஒரே நடுக்கம். ஒரு பாட்டி என் காலைப் பார்த்து, “தம்பி, அட்டை” என்றாள். குனிந்தால் கணுக்காலில் நாலு, கறுத்துப் பருத்து. கடைக்காரர் கல் உப்பைத் துணியில் கட்டி ஒற்றினார். அவனுக்குக் காலில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஏறியிருந்தது. பாட்டி கையாலேயே வழித்து எறிந்தாள். பிறகு அவனிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். அவன் அம்மிச்சியின் பெயரைச் சொன்னான். அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவன் கன்னத்தைத் தடவி, “இங்க இருந்து போன புள்ள பெத்த புள்ளயா நீ” என்றாள். அவன் டீக்குக் காசு கொடுக்கக்கூட முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டான். நான்தான் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் இன்று வேறு விஷயங்களும் நடந்திருக்கின்றன. நல்ல விஷயங்கள். தேயிலைக்கு நடுவே தீவு போல மிஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில், அந்த மண்ணுக்குரிய மரங்களையே வைத்து வளர்க்கிறார்கள். திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபது வருடத்துக்கு மேலாக அந்த வேலையில் இருக்கிறார்கள். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் இருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். யானை பக்கத்தில் நின்றால் தோட்டத்து ஆட்களின் கைப்பேசிக்குத் தமிழில் செய்தி போகும், உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். அதைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு எம். ஆனந்தகுமாருடையது. 2015-இல் விட்லி விருது கொடுத்தார்கள். வேலை முடிந்து இருட்டில் லைன் வீட்டுக்கு நடக்கிற பெண்ணுக்கு அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தப் பாதையில் ஒருதரம் நடந்தவர்களுக்குத் தெரியும். வண்டியில் வருகிறவர்களும் அதைப் பார்த்தால் நிற்க வேண்டும், படம் எடுக்க முன்னால் போகக் கூடாது.

“முப்பத்திரண்டு” என்றான். பலகை 33.

பனி இறங்க ஆரம்பித்தது. ஹெட்லைட்டைப் போட்டேன். பனியில் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்ட, அவனுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. சொல்லப்போனால் அந்த இரண்டு வளைவுகளில் அவன்தான் எனக்கு வழி சொன்னான். “எதுக்க வண்டி இல்ல, போ.” “இடது பக்கம் தண்ணி விழுவுது, ஒதுங்கு.” அவன் கை என் தோளில் இருந்தது. பனியிலும் உலர்ந்த, தடித்த விரல்கள். கடைசல் பிடித்த உருப்படியை அளவுகோலுக்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்து, அரை நூல் அதிகம் என்று சொல்லுகிற விரல்கள்.

அந்த விரல்களை நினைத்ததும்தான் எனக்குப் பிடிபட்டது.

1997-இல் இருபத்திரண்டாவது வளைவில் புல்லட்டின் கிளச் கேபிள் அறுந்தது. ஹேண்டில்பார் முனையில் நிப்பிள் கழன்று, கம்பி பூப்போல விரிந்துவிட்டது. சரியாக வளைவின் நடுவில். மேலேயிருந்து பஸ் இறங்கினால் நசுங்கிவிடுவோம். கிளச் இல்லாமல் அந்த ஏற்றத்தில் எடுக்க முடியாது. நானும் மச்சானும் பின்னால் தள்ள, அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்தான். வாத்தியார் மேலே ஓடிப் போய் வருகிற வண்டிகளுக்குக் கை காட்டினார். 160 கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பு. காலுக்கடியில் ஓடுகிற தண்ணீர். பத்தடிக்கு ஒருதரம் சக்கரத்துக்குக் கல் வைத்து மூச்சு வாங்கினோம். வளைவு முடிந்து அகலமான இடம் வந்ததும், உபரிக் கேபிளை எடுத்து மாட்டினான். பழைய கேபிளோடு சேர்த்து டேப் சுற்றிப் புதியது ஒன்றை எப்போதும் வைத்திருப்பான். பிளாஸ்டிக் தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மழையில் எதையும் பார்க்காமல், விரலாலேயே தேடி மாட்டினான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

உச்சிக்கு வந்து, நாற்பது வளைவும் ஏறிவிட்டோம் என்று மச்சான் கத்தியபோது, அவன் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பத்தொன்பதுதான் என்றான். ஒன்றை விட்டுவிட்டாயா என்று வாத்தியார் கேட்டார்.

“அந்த இருபத்திரண்டை நாம ஓட்டலீங்க. நடந்தோம். அது அம்மிச்சி கணக்கு. வண்டிக் கணக்குல சேராது.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அதை அப்படியே மறந்தும்விட்டோம். நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. இருபத்தொன்றுக்கும் இருபத்திமூன்றுக்கும் நடுவே, பஸ் கடந்த அரை நிமிடத்தில், எந்த வளைவு எது என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறான்.

கடைசி வளைவு திரும்பினோம். பனிக்குள்ளிருந்து பலகை மெல்ல வந்தது. 40/40.

“முப்பத்தொம்பது” என்றான். “சரிதானேடா?”

“சரிதான்” என்றேன்.

வால்பாறையில் சாப்பிட்டுவிட்டு, ரொட்டிக்கடையில் டீ குடித்துவிட்டு, மூன்று மணிக்குள் இறக்கத்தைத் தொடங்கினோம். இரண்டாவது கியரிலேயே வந்தேன். வரும்போது அவன் எண்ணவில்லை. நான்தான் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். 22 வந்ததும் வளைவுக்கு முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. இறங்கி, பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்த வளைவை இரண்டு பேரும் நடந்து கடந்தோம்.